கவ்வாத தோட்டா

1

போன் அலறியபோது, மேவிஸ் ஒரு சால்மன் மீனின் வயிற்றைக் கிழித்துக் கொண்டிருந்தாள்.

கத்தியைக் கீழே வைக்கவில்லை. ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக் கொண்டாள்.

"யாரு?"

"மேவிஸ்... நான் லோவல்!" மறுமுனையில் மூச்சு இரைத்தது. "படகுத் துறை ஆபீஸ்லேர்ந்து பேசறேன். ஹோய்ட்... ஹோய்ட் போயிட்டான்!"

"எங்க போயிட்டார்?"

"செத்துட்டான், மேவிஸ்! கரடி! ஓடை வளைவுல... குட்டியோட நின்ன பழுப்புக் கரடி! அவன் அலறினது கேட்டு நான் ஓடிப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. கரடியை விரட்டி, அவனை இழுத்துக் கரையில போட்டேன்... போட என்ன இருந்துது! பாதி ஆள்தான்!"

மேவிஸ் மீனின் குடலை விரலால் வழித்து வாளியில் போட்டாள்.

"சுட்டாரா?"

"என்ன?"

"இடுப்புல ரிவால்வர் இருந்துதே. எத்தனை தடவை சுட்டார்?"



"ஒரே தடவை," என்றான் லோவல் மெதுவாக.

"சரி. வர்றேன்."

ரிசீவரை வைத்தாள். மீனுக்கு உப்புத் தடவி ஃப்ரிட்ஜில் வைத்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று அழுது பார்த்தாள்.

சரியாக வரவில்லை!

திரும்பிச் சமையலறைக்கு வந்தாள். ஒரு பெரிய வெங்காயத்தை எடுத்தாள். இரண்டாக வெட்டினாள்...

இப்போது வந்தது.

2

ஜூலை மாத அலாஸ்காவில் சூரியனுக்கு வீட்டுக்குப் போகிற எண்ணமே இருக்காது. மேவிஸ் தன் பழைய பிக்கப் வண்டியில் கெட்டில் க்ரீக் படகுத் துறைக்கு வந்து இறங்கியபோது, வெளிச்சம் கண்ணைக் குத்தியது.

துறையைச் சுற்றி ஏற்கெனவே மஞ்சள் நாடா கட்டியிருந்தார்கள். ஆபீஸைச் சுற்றி ஒன்று. பக்கத்திலிருந்த தகர ஷெட்டைச் சுற்றி இன்னொன்று.

கரையில் நீலத் தார்ப்பாய். அதன் அடியில் ஏதோ மேடாக இருந்தது. ஒரு முழு ஆளுக்குரிய நீளம் இல்லை.

"மிஸஸ் ரக்மன்?"

திரும்பினாள்.

அகன்ற தோள், நரைத்த பின்னல், வாயில் மென்றுகொண்டிருந்த கருவாட்டுத் துண்டு. போலீஸ் சார்ஜென்ட் ட்வைலா இவனாஃப். அந்த வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்தவள்.

"பார்க்கணுமா?" தார்ப்பாயைக் கண்ணால் காட்டினாள் ட்வைலா.

"வேண்டாம்..."

"நல்லது. பார்த்தா அப்புறம் சாப்பாடு இறங்காது."

மேவிஸ் முகத்தைப் பொத்திக் கொண்டு குலுங்கினாள். வெங்காயத்தின் வீரியம் இன்னும் மிச்சம் இருந்தது.

கவிழ்த்துப் போட்ட படகின் மேல் லோவல் ப்ரூவிட் உட்கார்ந்திருந்தான். ஹோய்ட்டின் தொழில் கூட்டாளி. மீன் பிடிக்க வரும் வெளியூர்க்காரர்களை ஓடையில் அழைத்துப் போவது இவர்கள் இருவரின் பிழைப்பு. அவன் சட்டை முழுக்க ரத்தம் காய்ந்து விறைத்திருந்தது. மேவிஸைப் பார்த்தான். பார்வையைத் தாழ்த்தவில்லை.

ஏன் அப்படிப் பார்க்கிறான்?

டெக்சாஸிலிருந்து மீன் பிடிக்க வந்திருந்த பல் டாக்டர் ஒருவர், படகில் இருந்தபடியே எல்லாவற்றையும் பார்த்திருந்தார். பல் தந்தியடிக்கப் பேசினார்.

"நாங்க படகுல இருந்தோம், சார்ஜென்ட். அவர் கரையில இறங்கி, கரடிக்கிட்ட போய்க் கையைத் தட்டினார். 'பாருங்க, எப்படி ஓடுதுன்னு பாருங்க'ன்னு எங்களுக்கு வேடிக்கை காட்டினார்!"

"அது ஓடலை," என்றாள் ட்வைலா.

"இவரைப் பார்த்து ஓடி வந்துது! சுட்டார். தோள்ல பட்டுது. அதுக்குக் கோபம்தான் ஜாஸ்தியாச்சு. திரும்ப ட்ரிக்கரை இழுத்தார். இழுத்தார்... இழுத்தார்! அசையவே இல்ல! கடைசி வரைக்கும் கரடியைத் திட்டலை, அந்தத் துப்பாக்கியத்தான் திட்டிக்கிட்டிருந்தார்!"

"என்னன்னு திட்டினார்?"

"என் சம்சாரம் பக்கத்துல இருக்கா. சொல்ல முடியாது."

ட்வைலா ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இருந்த ரிவால்வரை உயர்த்திப் பிடித்தாள். பெரிய துப்பாக்கி. நாற்பத்து நாலு மேக்னம். கரடி ஊரில் இடுப்பில் தொங்குவது அதுதான்.

"இந்தச் சிலிண்டர் சுத்த மாட்டேங்குது. ஏன்னு பாருங்க."

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

சிலிண்டரின் முன்பக்கத்தில், ஒரு தோட்டாவின் ஈய மூக்கு வெளியே நீட்டிக் கொண்டிருந்தது! அது துப்பாக்கியின் சட்டத்தில் இடித்து, சிலிண்டரைப் பூட்டு மாதிரிப் பூட்டியிருந்தது.

"முதல் குண்டு வெடிச்சப்போ துப்பாக்கி உதைச்சிருக்கு," என்றாள் ட்வைலா. "அந்த உதையில மத்த தோட்டாவுல இருக்கற குண்டெல்லாம் உறையை விட்டு முன்னால நழுவிடுச்சு. உறையோட வாய் குண்டை இறுக்கிக் கவ்வியிருக்கணும். இது கவ்வலை."

"கடையில வாங்கினதா?" என்றார் பல் டாக்டரின் மனைவி.

"இல்லம்மா. வீட்டுல செஞ்சது."

"ஆமாம் ஆமாம்!" பல் டாக்டர் தலையாட்டினார். "காலையில படகுல வரும்போதே பெருமையடிச்சார். 'என் தோட்டா ஒவ்வொண்ணையும் நானே என் கையால செய்வேன், வேற எந்தக் கையும் படாது'ன்னார்!"

மேவிஸ் கைக்குட்டைக்குள் உதட்டைக் கடித்துக் கொண்டாள்.

அழுகையை அடக்க அல்ல.

ட்வைலா லோவல் பக்கம் திரும்பினாள். "நீங்க ஓடிப் போய்க் கரடியை விரட்டினீங்க. அப்புறம்?"

"இங்க ஓடி வந்தேன். உங்களுக்குப் போன் பண்ணினேன். மேவிஸுக்குப் பண்ணினேன்."

"தோட்டா செய்யற பிரஸ் எங்க இருக்கு?"

"அந்த ஷெட்டுல."

"அதுக்குள்ள போனீங்களா?"

"நான் எதுக்குப் போகணும்? நேரா ஆபீஸ் போன்தான்!"

"நல்லது." ட்வைலா கருவாட்டைக் கன்னத்தின் மறுபக்கம் தள்ளினாள். "ஷெட்டைப் பார்த்துடலாம். நீங்களும் வாங்க, மிஸஸ் ரக்மன்."

மேவிஸ் நிம்மதியாக நடந்தாள்.

பார்க்கட்டும். நன்றாகவே பார்க்கட்டும்!

3

ஷெட்டுக்குள் எண்ணெய் வாடை. மேசையின் விளிம்பில் இரும்பு பிரஸ். நீளமான கைப்பிடி. அதன் தலையில் வரிசையாகத் திருகி வைத்திருந்த டைகள், அதாவது இரும்பு அச்சுகள்.

ட்வைலாவுக்கு இந்த வேலை பழக்கம். கையுறை போட்ட விரலால் ஒரு டையைத் தட்டினாள்.

"இது குண்டை உறைக்குள்ள உட்கார வைக்கற டை. எவ்வளவு ஆழம் இறங்கணும்னு இது முடிவு பண்ணும். இது சரியா இருக்கு. உட்கார்ந்த ஆழத்துல தப்பு இல்ல."

அடுத்ததைத் தட்டினாள்.

"விவகாரம் இதுல. இது கிரிம்ப் டை. உறையோட உதட்டை மடக்கிக் குண்டோட பள்ளத்துல கடிக்க வைக்கும். இதை மேலே தூக்கி வச்சுட்டா, பார்வைக்குத் தோட்டா லட்சணமா இருக்கும். கடிதான் இருக்காது."

"ஹோய்ட் சில சமயம் பீர் குடிச்சுக்கிட்டே செய்வார்," என்றாள் மேவிஸ் தழுதழுத்து. "நான் எவ்வளவோ சொல்லுவேன்..."

"பார்த்துடலாம்."

ட்வைலா ஒரு வெற்றுப் பித்தளை உறையை எடுத்தாள். வெடிமருந்து போடவில்லை. மேலே ஒரு ஈயக் குண்டை வைத்துக் கைப்பிடியை இழுத்தாள். உட்கார வைத்தாள். அடுத்த டைக்கு மாற்றினாள். மறுபடி இழுத்தாள்.

வெளியே எடுத்து, குண்டின் மூக்கை மேசையில் வைத்துத் தன் முழு எடையையும் போட்டு அழுத்தினாள்.

அசையவில்லை!

"அட!" என்றாள்.

இன்னொன்று செய்தாள். அழுத்தினாள். பாறை!

ஹோய்ட்டின் இடுப்புப் பட்டையிலிருந்து எடுத்து வந்த தோட்டாக்களில் ஒன்றை எடுத்தாள். அதே மேசை. அதே அழுத்தல்.

குண்டு ஆடும் பல் மாதிரி உள்ளே இறங்கியது.

"ஒரே பிரஸ். ஒரே டை. ஆனா இது பாறை... அது பொக்கை வாய்." ட்வைலா நிமிர்ந்தாள். "யாரோ டையைத் தளர்த்தியிருக்காங்க. அவர் அந்தத் தோட்டாவைச் செஞ்சு முடிச்சப்புறம், திரும்ப இறுக்கி வச்சுட்டாங்க. மிஸஸ் ரக்மன்... இது விபத்து இல்ல."

மேவிஸ் அந்த டையை வெறித்தாள்.

இல்லை... இல்லை! நடக்கவே முடியாத விஷயம்!

ஏனென்றால், அந்த டையைத் தளர்த்தியவள் அவள்தான்!

தளர்த்தினாள். திரும்ப இறுக்கவே இல்லை!

ஹோய்ட்டின் பெருமையெல்லாம் வெறும் பேச்சு. கல்யாணமான முதல் கோடையிலிருந்து கைப்பிடியை இழுத்தது அவள். அவன் எதிரே காலை நீட்டி உட்கார்ந்து பீர் குடிப்பான். "இழுடி மாடு! சாப்பிடறப்போ மட்டும் கை வேகமா வருதுல்ல?" என்பான். ஒருநாள் உறையை அவள் சாய்த்து வைத்துவிட்டாள். விரல் உள்ளே இருக்கும்போதே அவன் எட்டிக் கைப்பிடியை இழுத்தான். எலும்பு நொறுங்கிய சத்தம் அவளுக்கு முன்னால் அவனுக்குக் கேட்டது. "இனிமே மறக்க மாட்டே," என்று சிரித்தான். அப்போது வாசலில் நின்றிருந்த லோவலும் சேர்ந்து சிரித்தான்.

அந்த இடது ஆள்காட்டி விரலில் அதற்கப்புறம் நகமே முளைக்கவில்லை.

வியாழக்கிழமை, ஹோய்ட் வருவதற்கு முன்னால் ஷெட்டுக்குள் புகுந்து, அந்த விரலால்தான் நட்டைத் தளர்த்தினாள். கிரிம்ப் டையைக் கொஞ்சம் மேலே திருகினாள். டை அந்த உயரத்திலேயே நிற்க, நட்டை மட்டும் முடுக்கினாள். பிறகு புருஷன் எதிரிலேயே உட்கார்ந்து அத்தனை தோட்டாவையும் அவளே இழுத்துச் செய்து, அவளே பட்டையில் சொருகினாள்.

டையை அப்படியே விட்டுவிட்டாள். போலீஸ் வந்து பார்த்தால், குடிகாரன் தன் டையைத் தானே தப்பாக வைத்துச் செத்தான் என்று போய்விடும். ஹோய்ட்டின் பெருமையே அவளுக்குச் சாட்சி!

இப்போது அந்த டை கச்சிதமாக இறுகியிருக்கிறது...

"இந்த ஷெட்டுக்குச் சாவி யார்கிட்ட இருக்கு?" என்றாள் ட்வைலா.



"ஹோய்ட்கிட்ட... என்கிட்ட... லோவல்கிட்ட."

4

மறுநாள் மத்தியானம், கதவைத் தட்டாமல் லோவல் உள்ளே வந்தான்.

நேராக ஹோய்ட்டின் நாற்காலியில் போய் உட்கார்ந்தான். காலை நீட்டினான்.

"என்ன சமையல்?"

"மீன் சூப். எந்திரி. அது ஹோய்ட் நாற்காலி."

"ஹோய்ட்டுக்கு இனிமே உட்கார உடம்புல அந்தப் பாகமே இல்ல." சிரித்தான். "கொண்டா, கொண்டா. பசிக்குது."

"லோவல், நீ என்ன நினைச்சுக்கிட்டு..."

"வியாழக்கிழமை, ஷெட்டு ஜன்னல்." மேசையில் விரலால் தாளம் போட்டான். "நீ டையைத் திருகினதைப் பார்த்தேன் கண்ணு."

மேவிஸின் கையிலிருந்த கரண்டி நின்றது.

"பார்த்தியா?"

"முழுசா! அப்பவே எனக்கு லேசாப் பொறி தட்டிச்சு. நேத்து போன்ல கேட்டியே... 'எத்தனை தடவை சுட்டார்'னு. புருஷன் செத்த செய்தி கேட்டவ கேக்கற கேள்வியாடி அது? ரொம்ப ரசிச்சேன்!"

"பார்த்துட்டு... அவர்கிட்ட சொல்லவே இல்லயா?"

"எதுக்குச் சொல்லணும்?" லோவல் ஆச்சரியமாகக் கேட்டான். "வெள்ளிக்கிழமை அவனோட ஒண்ணா உட்கார்ந்து பர்கர் தின்னேன். அந்தத் தோட்டா அவன் இடுப்புல தொங்குது. பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பு தாங்கலை! சனிக்கிழமை காலையில நான்தான் அவனை ஏத்தி விட்டேன். 'டெக்சாஸ்காரங்க நல்லா இனாம் குடுப்பாங்க, கரடி வேடிக்கை காட்டு'ன்னேன்."

மேவிஸ் அவனையே பார்த்தாள்.

அவள் எப்போதாவது ஒரு கரடி வரும் என்று காத்திருந்தாள். இவன் நாள் குறித்துக் கொடுத்திருக்கிறான்!

"டையை இறுக்கினது நீதானே?"

"பின்ன? அது விபத்துன்னு முடிஞ்சா, படகு, துறை, வீடு எல்லாத்தையும் நீ சுருட்டிக்கிட்டு எனக்கு டாட்டா காட்டிடுவே. கொலைன்னு ஆச்சுன்னா..." எழுந்து அவள் அருகே வந்தான். "உனக்கு நான் வேணும். என் வாய் மூடியிருக்கணும்."

"என்ன வேணும் உனக்கு?"

"எல்லாம்." அவள் இடது கையைப் பிடித்தான். நகமில்லாத விரலைத் தேடி எடுத்து, மெதுவாக நசுக்கினான். "துறை என் பேருக்கு. வீடு என் பேருக்கு. நீ இங்கயே இருக்கலாம். சமைக்கலாம். துவைக்கலாம். நான் ஹோய்ட் மாதிரி கெட்டவன் இல்ல, மேவிஸ். குடிச்சாத்தான் அடிப்பேன்."

வலி தோள் வரைக்கும் ஏறியது. அவள் கத்தவில்லை.

"எப்போ இறுக்கினே? போலீஸ் வர்றதுக்குள்ள எப்படி நேரம் கிடைச்சுது?"

"சாமர்த்தியம்!" லோவல் நெஞ்சை நிமிர்த்தினான். "அவனைக் கரையில போட்டேன். ஓடி வந்தேன். ஆபீஸ் போனுக்கு முன்னாடி ஷெட்டு. நட்டு, ஒரு திருகு, நட்டு... கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள வேலை முடிஞ்சுது. அதுக்கப்புறம்தான் போலீஸுக்கே போன்!"

"அப்படியே ஓடி வந்தியா?"

"அப்படியேதான்! செத்தவனுக்குப் பக்கத்துல உட்கார்ந்து பைபிள் படிக்கவா சொல்றே?"

"கைகூடக் கழுவாம?"

"கை கழுவ நேரம் ஏதுடி?" எரிந்து விழுந்தான். "போன் பண்ணினப்புறம் ஓடையில கழுவினேன். இப்போ சூப்பு குடுக்கப் போறியா, இல்லியா?"

மேவிஸ் அவன் கையைப் பார்த்தாள். தடித்த விரல்கள். நக இடுக்கெல்லாம் கறுப்பு.

"குடுக்கறேன்," என்றாள். "ரொட்டியும் வேணுமா?"

"அதான் நல்ல பொம்பளை!"

அவள் கிண்ணத்தில் சூப்பை ஊற்றினாள். வெண்ணெய் தடவிய ரொட்டியை வைத்தாள். அவன் உறிஞ்சிக் குடிப்பதை எதிரே நின்று பொறுமையாகப் பார்த்தாள்.

உப்புக்கூடக் கொஞ்சம் சேர்த்துப் போட்டாள். அவனுக்கு அப்படித்தான் பிடிக்கும்.

5

படகுத் துறையில், ட்வைலா ஷெட்டின் வாசலில் நின்று டப்பாக்களை வண்டியில் ஏற்றிக் கொண்டிருந்தாள்.

"என்ன மிஸஸ் ரக்மன்? இங்க வரக் கூடாதே நீங்க."

"நாடாவைத் தாண்ட மாட்டேன், சார்ஜென்ட்." மேவிஸ் தள்ளியே நின்றாள். "ஹோய்ட் பிரஸ்ஸை எனக்குத் திருப்பிக் குடுப்பீங்களா? அவர் ஞாபகமா வச்சுக்கலாம்னு..."

"இப்போ முடியாது. அது தடயம். நேத்தே மேலால ரேகை எடுத்துப் பார்த்தாச்சு. எண்ணெய்ப் பிசுக்கு. ஒண்ணும் உருப்படியாக் கிடைக்கலை."

"மேலால மட்டுமா பார்த்தீங்க?"

ட்வைலா மெல்லுவதை நிறுத்தினாள்.

"ஏன்?"

"இல்ல... அந்த டையைக் கழட்டலையான்னு கேட்டேன். நட்டைக் கழட்டினா உள்ள மரை இருக்கும் பாருங்க. ஹோய்ட் அதையெல்லாம் துடைச்சுத் துடைச்சு வைப்பார். மரையில அழுக்கு சேர்ந்தா அவருக்குப் பிடிக்காது. அப்படியே டப்பாவுல போட்டு வச்சுடாதீங்கன்னு சொல்ல வந்தேன்."

"ஓஹோ."

"வேற ஒண்ணும் இல்ல. நான் வர்றேன்."

"மிஸஸ் ரக்மன்!"

மேவிஸ் திரும்பினாள்.

"லோவல் ப்ரூவிட்டுக்கும் உங்க வீட்டுக்காரருக்கும் ஏதாவது தகராறு உண்டா?"

மேவிஸ் வெகுநேரம் தரையைப் பார்த்தாள். பெண்கள் ஒரு நல்லவனைக் காட்டிக் கொடுக்கத் தயங்கும்போது பார்ப்பார்களே, அப்படி!

"செத்தவரைப் பத்தியும் பேசக் கூடாது. இருக்கறவரைப் பத்தியும் பேசக் கூடாது, சார்ஜென்ட்."

"பேசுங்க."

"ரெண்டு பேருக்கும் இந்தத் துறை மேல ஒரே கண்ணு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள்.

கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். ட்வைலா ஒரு டப்பாவை வண்டியிலிருந்து திரும்ப இறக்கிக் கொண்டிருந்தாள்.

6

ஹோய்ட்டின் அடக்கம் முடிந்து, தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் எல்லோரும் சாப்பிட்டுக் கொண்டிருந்தார்கள். உருளைக்கிழங்கு சாலட், பன்றித் தொடை, பெர்ரி வைத்துச் சுட்ட 'பை' பலகாரம்.

லோவல் வந்தவர்களையெல்லாம் வரவேற்றான். ஹோய்ட்டின் தோல் கோட்டை மாட்டியிருந்தான். மேவிஸின் தோளில் கை போட்டுக் கொண்டான்.

"கவலைப்படாதீங்க," என்றான் பாதிரியாரிடம். "மேவிஸை நான் பார்த்துக்குவேன்."

கதவு திறந்தது.

ட்வைலா இவனாஃப். பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள்.

"லோவல் ப்ரூவிட். கோட்டைக் கழட்டிட்டுக் கையை நீட்டுங்க."

லோவலின் வாயில் பெர்ரிப் பலகாரம் பாதி இருந்தது.

"என்ன விளையாட்டு இது?"

"ஹோய்ட் ரக்மனைக் கொலை பண்ணினதுக்காக உங்களைக் கைது பண்றேன்."

கூடத்தில் கரண்டிகள் நின்றன.

"கொலையா? நானா? அவனைக் கரடிகிட்டேர்ந்து இழுத்துப் போட்டவன் நான்!"

"ஆமாம். அதுதான் உங்களுக்கு வினை." ட்வைலா நிதானமாகப் பேசினாள். "கிரிம்ப் டையோட நட்டைக் கழட்டினேன். மரையில பழுப்பா ஏதோ இருந்துது. முதல்ல துருன்னு நினைச்சேன். ஆய்வுக் கூடத்துக்கு அனுப்பினேன். இன்னிக்குக் காலையில பதில் வந்துது. ரத்தம். ஹோய்ட்டோட ரத்தம்!"

லோவலின் முகம் மாவு பூசியது மாதிரி ஆயிற்று.

"செத்தவரோட ரத்தம், அவர் செத்ததுக்கு அப்புறம் திருகின மரைக்குள்ள! அந்த நேரத்துல அவர் ரத்தம் யார் கையில இருந்துது? டெக்சாஸ்காரங்க நான் வர்ற வரைக்கும் படகை விட்டே இறங்கலை. மிஸஸ் ரக்மன் வந்தப்போ ஷெட்டுக்கு நான் நாடா கட்டியாச்சு, அவங்க உடம்பைத் தொடவும் இல்ல. மிச்சம் நீங்க ஒருத்தர்தான். 'ஷெட்டுக்குள்ள போகவே இல்ல'ன்னு சொன்னதும் நீங்கதான்."

"அவதான்!" லோவல் மேவிஸ் பக்கம் பாய்ந்தான். போலீஸ்காரர்கள் அமுக்கிப் பிடித்தார்கள். "டையைத் தளர்த்தினவ அவ! என் கண்ணால பார்த்தேன்! நான் இறுக்க மட்டும்தான் செஞ்சேன்!"

"எப்போ பார்த்தீங்க?"

"வியாழக்கிழமை!"

"அவர் செத்தது சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை அவரோட உட்கார்ந்து பர்கர் சாப்பிட்டீங்க. ஓட்டல்காரர் சொன்னார். 'உன் தோட்டா சரியில்ல'ன்னு சொல்ல வாய் வரலையா?"

"அது... நான்..."

"சரி. அவங்கதான் தளர்த்தினாங்கன்னே வச்சுக்குவோம். நீங்க எதுக்கு ஓடிப் போய் இறுக்கணும்?"

லோவல் வாயைத் திறந்தான்.

அந்தக் கேள்விக்கு அவனிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதை எந்தக் கோர்ட்டிலும் சொல்ல முடியாது!

"மேவிஸ்!" கெஞ்சினான். "சொல்லு, மேவிஸ்! உண்மையைச் சொல்லு! என்னை உள்ள தள்ளிடுவாங்க! வெளியவே விட மாட்டாங்க!"

மேவிஸ் எழுந்து அவனிடம் போனாள். அவன் சட்டையில் ஒட்டியிருந்த பெர்ரியைக் கைக்குட்டையால் துடைத்து விட்டாள்.

"அவர் உன்னைத் தம்பி மாதிரி நினைச்சாரேடா, லோவல்," என்று விம்மினாள். "ஏன்டா இப்படிப் பண்ணினே?"

இந்தத் தடவை வெங்காயம் தேவைப்படவில்லை.

ஊரே அவளோடு சேர்ந்து அழுதது. ஒரு கிழவர் எழுந்து லோவலின் முகத்தில் காறித் துப்பினார். யாரும் தடுக்கவில்லை. அவனை இழுத்துப் போகும்போது, படிக்கட்டில் ஒவ்வொரு படிக்கும் ஒரு அலறல் கேட்டது.

கூடம் காலியானது. ட்வைலா போகாமல் நின்றாள்.

"மரையைக் கழட்டிப் பார்க்கச் சொன்னது நீங்க, மிஸஸ் ரக்மன்."

"அப்படியா சொன்னேன்?"

"ஹோய்ட்டுக்கு அழுக்கு பிடிக்காதுன்னு சொன்னீங்க. அவர் தாடியில புகையிலைச் சாறு காய்ஞ்சிருக்கும். அவ்வளவு சுத்தக்காரர்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

மேவிஸ் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"இந்த விரல் என்ன ஆச்சு?"

"பிரஸ்ஸுல மாட்டிக்கிச்சு."

"தானா மாட்டிக்கிச்சா?"

"யாரோட கையாவது பட்டாத்தான் அந்தக் கைப்பிடி இறங்கும், சார்ஜென்ட்."

ட்வைலா அந்த விரலையே பார்த்தாள். வாயிலிருந்த கருவாட்டை மென்றாள். விழுங்கினாள்.

"எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. ஆதாரம் இல்ல. கிடைச்சா வருவேன்."

"வாங்க. மீன் சூப் வைக்கறேன்."

ட்வைலா தொப்பியை மாட்டிக் கொண்டாள். கதவு வரை போனவள் திரும்பினாள்.

"மறந்துட்டேன். வனத்துறைக்காரங்க அந்தக் கரடியைக் கண்டுபிடிச்சுட்டாங்க. தோள்ல காயம், கூடவே குட்டி. சுடறதா, விடறதான்னு இன்னும் முடிவு பண்ணலை. குடும்பத்துக்காரங்க என்ன சொல்றீங்கன்னு கேட்டாங்க."

மேவிஸ் மிச்சமிருந்த பெர்ரிப் பலகாரத்தை ஒரு கடி கடித்தாள்.

"விட்டுடச் சொல்லுங்க, சார்ஜென்ட். ஹோய்ட்டைப் பாதி தின்னிருக்கு... இத்தனை வருஷம் முயற்சி பண்ணியும் எனக்கே அந்த ஆள் ஜீரணம் ஆகலை. பாவம், அதுக்கு அந்தத் தண்டனையே போதும்!"